பாம்பன் கரையில் நாங்களே போட்ட புத்தகம்

என் நினைவுகளை எழுதி முடித்த பிறகு பதிப்பகம் தேடுவதை நிறுத்திவிட்டு, நானே பதிப்பாளராக இருந்து போட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன். போட்டும் முடித்தாயிற்று. 176 பக்கம், டெம்மி என்கிற வழக்கமான புத்தக அளவு, முதல் அச்சில் 200 பிரதி. மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும், தங்கள் வாழ்க்கையை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்கள் சிலரை எனக்கே தெரியும். அவர்களுக்காகத்தான் இது. எதை எந்த வரிசையில் செய்தோம், எங்கே சிக்கியது, அதை எப்படி எடுத்தோம், பணம் எங்கே போயிற்று என்று எல்லாவற்றையும் சொல்கிறேன்.

புத்தகம் எதைப் பற்றியது என்று முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் முடிவு அதிலிருந்துதான் வந்தது. சின்ன வயதிலேயே அம்மாவோடு கடல்பாசி எடுக்கப் போனவள் நான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் நன்றாக வற்றும் நாட்களில் விடியும் முன்னே வத்தை என்கிற சின்னப் படகில் ஏறி, தீவுக்குப் பக்கத்தில் இறங்கி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்கிற பாசிகளைப் பறித்து இடுப்புப் பையில் போடுகிற வேலை. மரிக்கொழுந்து அகர் எடுக்கப் போகும், கட்டக்கோரை ஆல்ஜினேட் எடுக்கப் போகும் (இரண்டும் கெட்டியாக்கப் பயன்படுகிற பொருட்கள்), எங்களுக்குக் கிலோக் கணக்கில் காசு. அப்புறம் அங்கன்வாடியில் வேலை கிடைத்து ஓய்வும் பெற்றேன். கடலுக்குப் போகிற ஆண்களுக்குக் கதையும் பாட்டும் நிறைய உண்டு. பாசிக்காரப் பெண்களைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியதுதான் அதிகம். 2015-ல் எங்களைப் போலப் பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தருகிற சீகாலஜி பரிசு கிடைத்தபோது இந்த ஊர்ப் பெயர் பேப்பரில் எல்லாம் வந்தது, படித்துப் பெருமைப்பட்டோம். ஆனால் தண்ணீருக்குள் இருந்தவள் ஒருத்தி தன் கையால் எழுதியது என்று ஒன்று இருக்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

எழுத உட்கார்ந்த அன்றே கூட்டாளிப் பெண்களிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். உங்களைப் பற்றி நான் எழுதுவதை உங்களுக்கு வாசித்துக் காட்டாமல், நீங்கள் சரி என்று சொல்லாமல் ஒரு வரிகூட அச்சுக்குப் போகாது. இதை நான் சும்மா சொல்லவில்லை. மன்னார் வளைகுடாவில் எங்கள் தீவுகள் எல்லாம் 1986-லிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. அங்கே இறங்கிப் பாசி எடுத்தால் வனத்துறை பிடிக்கும், அபராதம் போடும், வழக்கும் போடும். ‘இன்ன வருஷம், இன்ன தீவில், இன்னாரோடு இறங்கினேன்’ என்று நான் ரசித்து எழுதுகிற ஒரு வரி, இன்னும் பாசிக்குப் போய்ப் பிழைக்கிற ஒருத்திக்கு எதிரான வாக்குமூலமாகிவிடும். என் நினைவு என்று நான் சொல்லிக்கொள்வதில் பாதி அவர்களுடையது.

சரி, பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். பதில் வராதவை உண்டு. ஒரு இடத்திலிருந்து பதில் வந்தது, மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் ஒப்பந்தத் தாளைப் படித்துப் பார்த்தால் நிறைய பிரதிகளை முன்பணம் கட்டி நானே வாங்கிக்கொள்ள வேண்டும், பதிப்புரிமை முழுவதும் அவர்களுக்கு, அச்சுக்கு முன் எதைச் சேர்ப்பது எதை நீக்குவது என்பதில் அவர்கள் முடிவே இறுதி. பணத்தையாவது சீட்டு எடுத்துச் சமாளிக்கலாம். அந்த மூன்றாவது நிபந்தனையில் கையெழுத்துப் போட்டால் நான் கொடுத்த வாக்குக்கு அர்த்தமே இல்லை. மாற்றித் தரக் கேட்டேன், முடியாது என்றார்கள். முன்பணமும் நம்முடையது, விற்கிற பாடும் நம்முடையது என்றால் உரிமையை மட்டும் எதற்கு எழுதிக்கொடுக்க வேண்டும்? நாமே போடுவோம் என்று முடிவானது அப்போதுதான். எழுதியவருக்குத்தான் பதிப்புரிமை, அதற்குப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம்கூட இல்லை. எழுதியவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் அது நிற்கும். கையெழுத்துப் போடுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல பதிப்பகம் கிடைத்தால் உரிமையை வாங்காமல், அச்சிட அனுமதியை மட்டும் குறிப்பிட்ட காலத்துக்கு வாங்கிக்கொள்வார்கள். அப்படிக் கிடைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அச்சு வேலையைவிட நேரம் பிடித்தது வாசித்துக் காட்டுகிற வேலை. பாசி காயப்போடும் இடத்தில், ரேஷன் கடை வாசலில், கோயில் திண்ணையில், யார் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கே போய் வாசித்தேன். பலருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் காதால் கேட்டு ஒரு பிசிறு இருந்தாலும் பிடித்துவிடுவார்கள். என் அண்ணன் வீட்டு மதினிக்கு அவர் வருகிற அத்தியாயத்தை வாசித்தபோது நடுவில் நிறுத்தி, “ஏத்தா, அன்னைக்கு நான் அழுதேன்னு எழுதியிருக்க. நான் எங்க அழுதேன்? நீதான் வத்தையில தலையக் கவுத்திக்கிட்டு அழுத. நான் ஒன் பையயும் சேத்துக் கட்டிக்கிட்டு வந்தேன்” என்றார். எனக்கு நினைவில் இருப்பது வேறு மாதிரி. ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. அதனால் இரண்டையும் எழுதினேன், என் நினைவில் இப்படி, மதினி சொல்வது இப்படி என்று. புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம் அதுதான்.

ஒரு தோழி, தன் கல்யாணம் பற்றிய பகுதி முழுவதையும் எடுத்துவிடச் சொன்னாள். காரணம் கேட்கவில்லை, எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்த பகுதிதான், இருந்தாலும் அது அவள் வாழ்க்கை. தீவில் பிடிபட்ட அத்தியாயத்தில் ஆட்கள் பெயரும் வருஷமும் தீவின் பெயரும் இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. ஒரு மாமா கடலடியில் கிடக்கும் கடல் அட்டை என்கிற உயிரியை எடுத்தவர். அந்த இடத்தில் நேர்மாறாக, வருஷத்தை வேண்டுமென்றே அழுத்திப் போட்டோம். அட்டை பிடிக்கத் தடை வந்தது 2001-ல், அவர் எடுத்ததெல்லாம் அதற்கு முன். தேதி இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

எடையில் ஏமாற்றிய ஒரு வியாபாரியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் இப்போது உயிரோடு இல்லை, அதனால் எழுதலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வக்கீல் ஒருவரிடம் கேட்டபோது, அவதூறுச் சட்டம் இறந்தவரையும் விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இறந்தவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கக்கூடிய விஷயத்தை, குடும்பத்தார் மனம் நோக வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் அதுவும் குற்றமே. உண்மையாக இருந்தால் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்கவேண்டும். எனக்கு அவர் குடும்பத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை, தராசில் நடந்தது பதிவாக வேண்டும், அவ்வளவுதான். பெயர், ஊர், அவரை அடையாளம் காட்டும் மற்ற விவரங்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, ஈரப் பாசிக்கு எவ்வளவு தள்ளினார், காய்ந்த பாசிக்கு மணல் என்று எவ்வளவு கழித்தார் என்கிற கணக்கை மட்டும் அப்படியே வைத்தேன். பெயர்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்று பதிப்பு விவரப் பக்கத்திலும் ஒரு வரி சேர்த்தோம்.

காலக் கணக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். நம் ஆட்களிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் வராது. ‘ரோட்டுப் பாலம் திறக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா’ என்று கேட்டால் உடனே வரும். 1988 அக்டோபரில் ரோட்டுப் பாலம், 2001 அட்டைத் தடை, 2004 டிசம்பர் சுனாமி, 2007-ல் அகல ரயில் ஓடத் தொடங்கியது. இந்த நான்கையும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி, ஒவ்வொரு சம்பவத்தையும் எந்த இரண்டுக்கு நடுவில் வருகிறது என்று உட்கார வைத்தேன். 1964 புயல் நான் பிறப்பதற்கு முந்தியது. ஆச்சி சொல்லிக் கேட்டதை ஆச்சி சொன்னதாகவே எழுதினேன், என் கண்ணால் பார்த்த மாதிரி எழுதவில்லை. டிசம்பர் 22 இரவிலிருந்து 23 வரை என்கிற தேதியை மட்டும் நூலகத்தில் சரிபார்த்துச் சேர்த்தேன்.

இனி எழுத்துரு. இங்கேதான் பெரிய பழுது. நோட்டுகளை டைப் செய்யக் கொடுத்த இடத்தில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பாமினியில் ‘பாசி’ என்று திரையில் தெரிவது கம்ப்யூட்டருக்குள் ஜி, எச், ஆர், பி என்ற நான்கு ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழே இருக்காது. போனில் அனுப்ப முடியாது, தேட முடியாது, மின்னூல் ஆக்க முடியாது. 2010-லேயே தமிழ்நாடு அரசு, எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது, இருந்தும் பல டைப்பிங் கடைகளில் இன்றைக்கும் பழைய எழுத்துருதான். அக்கா மகன் அதை ஒரு மாற்றி மென்பொருளில் போட்டு யூனிகோடு ஆக்கினான். ஆக்கிவிட்டுப் பார்த்தால் பாதி அத்தியாயங்களில் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் எல்லாம் ‘இ’ நிற்கிறது. ‘அம்மாஇ நான்இ மதினி’ என்று. படிக்கவே முடியவில்லை.

காரணம் தேடினோம். பாமினியில் ‘இ’ என்ற எழுத்து இருப்பது காற்புள்ளிச் சாவியில். அதன் காற்புள்ளி வேறு சாவியில் இருக்கிறது. நான் இடையில் போனிலிருந்து அடித்து அனுப்பிய பகுதிகள் யூனிகோடில் இருந்தன, அவற்றில் இருந்தது நிஜக் காற்புள்ளி. இரண்டும் கலந்த ஃபைலை மொத்தமாக மாற்றியபோது மென்பொருள் எல்லாக் காற்புள்ளியையும் ‘இ’ ஆக்கிவிட்டது. மாற்றியதைத் திருத்த உட்கார்ந்தால் எது நிஜ ‘இ’, எது காற்புள்ளி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். அதை விட்டுவிட்டு மூல ஃபைலுக்குத் திரும்பினோம். லிப்ரே ஆபிஸ் என்கிற எழுதும் மென்பொருளில் எழுத்துருவின் பெயரை வைத்தே தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் பிடித்து, தனி ஃபைலில் போட்டு, அவற்றை மாத்திரம் மாற்றி, திரும்ப அதனதன் இடத்தில் ஒட்டினான். சுத்தமாக வந்தது. உங்களிடம் கலந்த ஃபைல் இருந்தால் முதலில் பிரியுங்கள், பிறகு மாற்றுங்கள். மூல ஃபைலை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாத பிழை. பௌர்ணமி என்ற சொல் என் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் வரும், நீர் வற்றும் கணக்கே அதுதானே. டைப் செய்தவர் ‘பௌ’ அடிக்காமல் ‘பெ’ அடித்து, பக்கத்தில் ‘ள’ அடித்திருந்தார். தாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தேடினால் கிடைக்காது, போனில் வாசிக்கச் சொன்னால் ‘பெ-ள-ர்-ணமி’ என்று வாசிக்கும். படிக்கத் தெரியாதவர்கள் போனில் கேட்பார்கள் என்ற எண்ணம் எனக்கு இருந்ததால் இதை விடவில்லை. தேடி மாற்றும் வசதியில் ‘பெளர்’ என்று போட்டு எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்தினோம். கௌரி, மௌனம், சௌகரியம் போன்றவற்றையும் அப்படியே பார்த்துவிடுங்கள். ‘ள’ வருகிற எல்லா இடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ‘பெண்களெல்லாம்’ போன்ற சொற்கள் கெட்டுவிடும், சொல் சொல்லாகத்தான் மாற்றவேண்டும்.

பக்க வடிவமைப்பை நாங்களே செய்தோம். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், இலவசம், புத்தகத்தில் பயன்படுத்த உரிமச் சிக்கல் இல்லை. எழுத்தின் அளவு 11.5 புள்ளியில் ஆரம்பித்தோம். ஒரு பக்கத்தை அச்செடுத்துச் சின்னம்மாவிடம் கொடுத்ததும் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “எறும்பு மாதிரி இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். இந்தப் புத்தகத்தை முதலில் படிக்கவேண்டியவர்கள் ஐம்பது தாண்டியவர்கள். 12.5 புள்ளிக்கு ஏற்றினோம், வரிகளுக்கு நடுவிலும் இடம் கூட்டினோம். பக்கம் கூடிற்று, கூடட்டும். ஆனால் பெரிய எழுத்தில் இரண்டு பக்கமும் சீராக நிறுத்தினால் தமிழில் நீளச் சொற்கள் அடுத்த வரிக்குத் தாவி, முந்தின வரியில் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக இடம் விழும். ‘எடுத்துக்கொண்டிருந்தபோது’ மாதிரிச் சொற்கள் வரும் வரிகளில் எல்லாம் வாக்கியத்தையே கொஞ்சம் மாற்றினேன். ‘எடுக்கும்போது’ என்றாலே போதும் என்கிற இடங்கள் நிறைய இருந்தன. எழுதியவளும் வடிவமைப்பவர்களும் ஒரே வீட்டில் இருந்ததால்தான் அப்படி உட்கார்ந்து செய்ய முடிந்தது.

உள் ஓரத்தில் 20 மில்லிமீட்டராவது விடுங்கள். பசை போட்டு ஒட்டும் பைண்டிங் புத்தகம் முழுசாக விரியாது, ஓரம் குறைந்தால் எழுத்து மடிப்புக்குள் போய்விடும். பக்க எண்ணிக்கை 16-ன் மடங்காக இருந்தால் நல்லது, பிளேட் செய்து அச்சடிக்கும் ஆஃப்செட் முறையில் ஒரே தாளில் சேர்த்து அடித்து மடிக்கிற ஒரு பாரம் என்பது 16 பக்கம். எங்களுக்கு 176-க்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. அடுத்த மடங்கு 192, அத்தனை வெற்றுப் பக்கத்துக்குக் காசு கொடுப்பதற்குப் பதில் என் முன்னுரையைச் சுருக்கி 11 பாரத்தில் அடக்கினோம். 200 பிரதிக்கு டிஜிட்டல் அச்சே போதும், பாரக் கணக்கு அதற்கு அவ்வளவு முக்கியமில்லை. ஆஃப்செட்டில் பிளேட் செலவு எத்தனை பிரதி போட்டாலும் ஒன்றே, அதனால் ஐந்நூறு, ஆயிரம் என்று போகும்போதுதான் கட்டுபடியாகும். பிற்பாடு அங்கே போக நேர்ந்தால் இதே ஃபைல் உதவட்டும் என்றுதான் இப்போதே மடங்கில் நிறுத்தினோம்.

அட்டைக்கு முதுகு அளவு, அதாவது புத்தகத்தின் தடிமன், தெரியவேண்டும். அச்சகத்தில் வாங்கிய அதே 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நேச்சுரல் ஷேட் தாளில் 88 தாளை எண்ணி அடுக்கி, மேலே கனமான புத்தகத்தை வைத்து அமுக்கி, ஸ்கேலால் அளந்தோம். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கீழே வந்தது. அதை வைத்துத்தான் அட்டையை வரைந்தது. உள்ளே போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தோம். மாதிரிப் பிரதி வந்தபோது அம்மா நிற்கும் படத்தில் முகமே தெரியவில்லை, ஒரே கருப்பு. சாதாரணத் தாள் மையை உறிஞ்சிக்கொள்ளும், திரையில் தெரிவதைவிட அடர்த்தியாகத்தான் விழும். படங்களின் நடுத்தர நிழலைத் திரையில் வெளிறித் தெரிகிற அளவுக்கு ஏற்றி மறுபடி ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்த்தோம். கண், மூக்கு, காதில் இருந்த பாம்படம் எல்லாம் தெளிந்தது. ஒரே ஒரு மாதிரிப் பிரதி அடித்துப் பார்க்காமல் மொத்த அச்சுக்குச் சம்மதம் சொல்லாதீர்கள், அச்சகத்தார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.

புத்தகத்துக்கு அடையாளமாகக் கொடுக்கிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் காசு கிடையாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதத் தோன்றுகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் டெல்லியில் இருக்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையம் வழியாக இலவசமாகக் கொடுக்கிறது, தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை எல்லாம் ஏற்றிவிட்டுப் பொறுமையாக இருக்கவேண்டும். ‘நாங்கள் எண் வாங்கித் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேரில் வாங்கினால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான், நீங்கள் இல்லை. அச்சுப் புத்தகத்துக்கு ஒரு எண், மின்னூலுக்கு வேறு எண். புத்தகம் வந்த பிறகு 1954-ஆம் வருஷச் சட்டப்படி நான்கு நூலகங்களுக்குப் பதிப்பாளர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்பவேண்டும், 30 நாளுக்குள். கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பையில் ஒன்று, டெல்லியில் ஒன்று. சொந்தமாகப் போடுகிறவர்கள் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது கடமையைவிடப் பெரிய விஷயம். மரிக்கொழுந்து பறித்த கையைப் பற்றிய புத்தகம் கன்னிமாராவில் ஒரு அலமாரியில் இருக்கிறது, இன்னும் ஐம்பது வருஷம் கழித்து யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

கடற்கரை ஊரில் புத்தகத்தை வைத்திருப்பதே தனி வேலை, அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாடைக் காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் இங்கே உப்பு டப்பாவே தண்ணீர் விடும். மாதிரிப் பிரதி அப்போதுதான் வந்தது, மேஜையில் வைத்த இரண்டாம் நாளே அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு எழும்பிவிட்டது. மேல்பக்கம் மேட் லேமினேஷன் என்கிற பிளாஸ்டிக் படலம், அதில் ஈரம் ஏறாது. உள்பக்கம் வெறும் அட்டை, அது ஈரத்தைக் குடித்து விரியும், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் இருந்தால் சுருளத்தானே செய்யும். அச்சகத்தில் பேசி அட்டையை 300 ஜிஎஸ்எம்முக்கு ஏற்றினோம், அட்டையின் நார் ஓடும் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக வரும்படி வெட்டச் சொன்னோம். மொத்த அச்சைப் பொங்கலுக்குப் பிறகு, ஈரம் குறைந்த பின் வைத்துக்கொண்டோம். வந்த பெட்டிகளைச் சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, பிரதிகளைப் படுக்க வைத்து மேலே கனம் ஏற்றியிருக்கிறேன். நிற்க வைத்தால் சுருளும். பாலித்தீனில் இறுக்கிக் கட்டுவதற்கு முன் புத்தகம் நன்றாக உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஈரத்தோடு கட்டினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும்.

செலவு, விலை. அச்சு, அட்டை, லேமினேஷன், லாரிச் செலவு எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 90 ரூபாய் விழுந்தது. சீட்டுப் பணத்தில்தான் கட்டினேன். விலை 180 வைத்தோம். கடைகளுக்கு 35-லிருந்து 40 சதம் கழிவு கொடுக்கவேண்டும், அது போக 110 ரூபாய் சுமார் கைக்கு வரும். அடக்க விலைக்கு இரண்டு மடங்குக்குக் கீழே விலை வைத்தால் கடைக்குக் கொடுக்கவே முடியாது. அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. பாசிக்காரப் பெண்களுக்கு 100 ரூபாய், புத்தகத்தில் வருகிறவர்களுக்கு இலவசம், இதில் பேச்சுக்கே இடமில்லை.

தபாலுக்கு 2025 மே முதல் ஞான் போஸ்ட் என்று புத்தகங்களுக்கான அஞ்சல் சேவை வந்திருக்கிறது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. எங்கள் புத்தகம் சுமார் 230 கிராம், உறையோடு 300-க்குள் அடங்குகிறது. அதற்கு மேல் கனக்கிற மாதிரி தாளைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தபால் செலவு கூடியிருக்கும், ஆகவே தாள் வாங்கும் முன்னாலேயே எடைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். விற்பனை அதிகம் நடந்தது கையில் கொண்டுபோய்க் கொடுத்ததில்தான். தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் தெரிந்த கடைகளில் பத்துப் பத்தாக வைத்தேன். ராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் தனிக் கடை போட வசதியில்லாததால் ஒரு தெரிந்த கடையில் ஓரமாக இடம் கேட்டு வைத்தோம், மாவட்டத்தின் உள்பகுதியிலிருந்து வந்தவர்கள், ‘கடல்ல பொம்பளைங்க முங்குவாங்களா’ என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

வெளியீட்டு விழா என்று மண்டபம் எதுவும் எடுக்கவில்லை. பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, வலை காயும் நிழலில் பாய் விரித்து, மதினி கையில் முதல் பிரதியைக் கொடுத்தேன். அவர் அதை அக்கா மகனிடம் கொடுத்துத் தன் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்து முடித்ததும் மற்றவர்களும் தங்கள் பக்கத்தைக் கேட்க, மத்தியானம் வரை வாசிப்புதான்.

மின்னூல் இனிமேல்தான். அமேசான் கிண்டிலில் தமிழில் போடலாம். இந்தியாவில் விற்பதற்கு 70 சதம் பங்கு வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேரவேண்டும், சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் கொடுக்கக்கூடாது. வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளுக்குக் கிண்டில் வசதி, ஊரில் போனில் கேட்க நினைக்கிறவர்களுக்கு நானே ஃபைலாகக் கொடுக்க நினைக்கிறேன். அதனால் செலக்டில் சேராமல் 35 சதத்துக்கே போடுவதாக இருக்கிறேன்.

பெரியபட்டினம் பக்கத்திலிருந்து சங்கு குளித்த அண்ணன் ஒருவர் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தன் நோட்டுகளோடு வந்தார். நாற்பது பக்க நோட்டுகள், பென்சிலில், நல்ல கையெழுத்து. அக்கா மகன் இந்தத் தடவை முதல் எழுத்திலிருந்தே யூனிகோடில் அடிக்கிறான். அண்ணனிடம் நான் கேட்டது ஒன்றுதான், இதில் யார் யார் வருகிறார்கள், அவர்களில் யாருக்கெல்லாம் வாசித்துக் காட்டவேண்டும் என்று ஒரு பட்டியல். அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.